நாய் படாத பாடு, கயிற்றின் இந்த முனையில்

இலையுதிர்காலப் புயல் காற்றில் கடலோரம் நாயைக் கூட்டிக்கொண்டு போனால், போகிற இருவரில் ஒருவருக்குத்தான் அது உலாத்தல்.

தெம்பு இருக்கும்போதே எதிர்காற்றில் நடந்து, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வரலாம் என்பது நல்ல கணக்குதான். ஆனால் எதிர்காற்று வில்லங்கம் பிடித்தது. எங்கோ ஒதுங்கிக் கிடக்கும் செத்த மீனின் வாடை நேரே நாயின் மூக்குக்கு வந்து சேரும். நாம் கத்தும் பெயரோ பின்பக்கம் பறந்துவிடும். கேட்டும் கேட்காத மாதிரி ஓடுகிறவருக்கு அன்றைக்காவது நியாயமான சாக்கு! அதனால் போகும்போது கயிறு கட்டாயம். அதுவும் நெஞ்சைச் சுற்றி மாட்டும் வாரான ஹார்னஸில்தான். கழுத்துப்பட்டை கொஞ்சம் தளர்வாக இருந்தாலும், நாய் பின்வாங்கி ஒரு இழு இழுத்தால் தலை வழியே உருவிக்கொண்டு வந்துவிடும். இழுக்க இழுக்க நீளும் சுருள் கயிறு வேண்டவே வேண்டாம். மெல்லிய இழை ஈரக்கையை அறுக்கும், உள்ளே மணல் புகுந்தால் பிரேக் சொன்னபடி கேட்காது. 2 மீட்டர் நாடா போதும்.

அடுத்தது, நாய் கழித்ததை அள்ளும் வேலை. காற்றில் பையை உதறிப் பிரிக்கப் பார்த்தால் அது கொடிக்கம்பத்துக் கொடியாகிவிடும். பையைச் சட்டைப்பைக்குள் வைத்தே பிரித்து, கையில் மாட்டி, காற்றுக்கு முதுகைக் காட்டிக் குனியவும். கயிற்றைக் காலடியில் மிதித்துக்கொள்வது நல்லது. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் கடற்பறவை ஒன்று தரையிறங்கும்.

பாசிச் சத்தை அலை கடைந்து கரையில் தள்ளும் நுரையை நாய் கடித்துப் பார்க்காமல் விடாது. நுரைக்கடியில் தூண்டில் முள், அறுந்த தூண்டில் நரம்பு, ஜெல்லிமீன் எல்லாம் கிடக்கும். செத்த ஜெல்லிமீனும் கொட்டும். பந்து வீசினால் கரைப்பக்கமாகவே வீசுங்கள். அலைக்குள் கவ்வும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாய் உப்புத்தண்ணீர் உள்ளே போகும். வாந்தி, வயிற்றுப்போக்கு, அளவு மீறினால் உயிருக்கே ஆபத்து. நல்ல தண்ணீரை, தாகம் எடுக்கக் காத்திராமல், அவ்வப்போது கொடுத்துக்கொண்டே இருங்கள்.

இதில் மட்டும் விளையாட்டு இல்லை: அலை இழுத்துப்போன நாயின் பின்னால் இறங்கக் கூடாது. நாய் பெரும்பாலும் தானே கரையேறிவிடும், இறங்கியவர்தான் மாட்டிக்கொள்வார். ஏறத் தோதான இடத்துக்கு நகர்ந்து நின்று கூப்பிடுங்கள். உடனே கடலோர மீட்புப் படைக்கும் போன் போடுங்கள்.

வீட்டு வாசலில் துவாலையை முதலில் தலையில் போடவும். நாயின் உதறல் தலையில் தொடங்கித்தான் வால்வரை போகும். முதுகிலிருந்து துடைக்க ஆரம்பித்தால் சுவருக்கும் சேர்த்துக் குளியல்தான். விரலிடுக்கு உப்பையும் மணலையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள். கயிற்றின் கொக்கியையும் அப்படியே, இல்லாவிட்டால் துருப்பிடித்து இறுகிவிடும்.