தோட்டாக் கூட்டின் நீளத்தை எங்கிருந்து அளப்பது?

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் 26 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்குத் துப்பாக்கியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், அஞ்செட்டிப் பக்கத்துக் காட்டோர ஊர்களில் சிறுவயதில் கண்ட நாட்டுத் துப்பாக்கிகள் மட்டுமே. குழலின் வாய் வழியாகவே மருந்தையும் ரவையையும் போட்டுக் கெட்டிக்கும் அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டாக் கூடு என்ற ஒன்றே கிடையாது. ஆகவே, டெக்சாஸில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், “மாமா, கேஸ் டிரிம்மர் எதை வாங்கலாம்?” என்று, அதாவது சுட்ட தோட்டாவின் கூட்டை அளவான நீளத்துக்கு வெட்டும் கருவியைப் பற்றிக் கேட்டபோது, முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சென்ற குளிர்காலத்தில் அவன் வீட்டில் இரண்டு மாதம் தங்கியிருந்தபோதுதான், இது முழுக்க முழுக்க ஒரு டூல்ரூம் கேள்வி என்பது புரிந்தது.

மான் வேட்டைக்கு அவன் வைத்திருப்பது .308 வின்செஸ்டர் ரைஃபிள். அங்கே சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்துவைத்து, மருந்தைப் பற்றவைக்கும் புதிய பிரைமர், மருந்து, குண்டு வைத்து வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்வது சாதாரணப் பொழுதுபோக்கு. நம் ஊரில் இதைப் படித்துவிட்டு யாரும் இறங்கிவிட வேண்டாம்; 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவின்படி தோட்டா தயாரிப்பதற்கு உரிமம் வேண்டும்.

கூட்டை ஏன் வெட்ட வேண்டும் என்பதைப் பார்ப்போம். கூடு செய்யப்படும் பித்தளையில் 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் உண்டு. நாம் லேத்தில் ஓட்டும் ஈயம் கலந்த பித்தளையைப் போலப் பொடிப்பொடியாக உதிராமல், இழுத்த இழுப்புக்கு நீண்டுகொடுக்கும் உலோகம் அது. சுடும்போது கூடு விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரில் ஒட்டுகிறது. பிறகு அதைச் சைசிங் டையில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்போது, பிதுங்கிய உலோகம் கழுத்துப் பக்கமாக நகர்ந்து நீளம் கூடுகிறது. கழுத்து அளவுக்கு மீறி நீண்டுவிட்டால், அதன் வாய் அறையின் முடிவில் போய் முட்டிக் குண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். குண்டு எளிதில் விடுபடாததால் உள்ளே அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். .308-க்கு அதிகபட்ச நீளம் 2.015 அங்குலம், வெட்டி நிறுத்த வேண்டிய நீளம் 2.005 அங்குலம். இடையில் இருப்பது பத்து தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது கால் மில்லிமீட்டர். இந்த அளவுகளை வகுத்தது 1926-இல் தொடங்கப்பட்ட அமெரிக்கத் துப்பாக்கி, தோட்டா உற்பத்தியாளர் அமைப்பு. SAAMI என்ற அதன் சுருக்கப் பெயரை எழுத்துக்கூட்டி நான் ‘சாமி’ என்று படிக்க, மருமகன் சிரித்துவிட்டு ‘சம்மி’ என்று திருத்தினான்.

அவனிடம் ஏற்கெனவே மலிவாக வாங்கிய ஒரு கைப்பிடி டிரிம்மர் இருந்தது. அது வெட்டிய இருபது கூடுகளை மேசையில் வரிசையாக நிறுத்தி, என் வெர்னியரால் ஒவ்வொன்றாக அளந்தேன். 1.998-இலிருந்து 2.009 வரை விதவிதமாக இருந்தன. சந்தேகப்பட்டு நீளத்தை நிறுத்தும் வளையத்தின் திருகை நெருடிப் பார்த்தால், அது விரல் நுனிக்கே அசைந்தது. வேலை நடக்க நடக்கத் தடுப்பே நகர்ந்திருக்கிறது. அதைவிடப் பெரிய தவறு மருமகனுடையது: சைஸ் செய்வதற்கு முன்பே வெட்டியிருக்கிறான். சுட்ட கூட்டின் கழுத்து விரிந்திருப்பதால், உள்ளே நுழைந்து வழிகாட்டும் பைலட் தண்டு ஆடும். மேலும் வெட்டிய பிறகு டையில் அழுத்தினால் நீளம் மறுபடி மாறும். முதலில் சைஸ் செய்து, பூசிய எண்ணெயைத் துடைத்துவிட்டு, அதன் பிறகே வெட்ட வேண்டும்.

அப்புறம் தேர்வுக்கு வந்தோம். அவன் மோட்டாரைப் பார்த்தான், நான் டேட்டத்தைப் பார்த்தேன். கூட்டைக் கருவி எந்த இடத்தில் தாங்கி நீளத்தைக் கணக்கிடுகிறது என்பதே என் கேள்வி. டிரில் மெஷினில் மாட்டி ஓட்டும் டபிள்யூ.எஃப்.டி. போன்றவையும், வெட்டுவதோடு உள்ளும் புறமும் பிசிறையும் ஒரே மூச்சில் எடுத்துவிடும் ஜிராட் எந்திரமும், கூட்டின் தோளில், அதாவது உடல் குறுகிக் கழுத்தாகும் சரிவில், உட்கார்ந்து அளவெடுக்கின்றன. தோள் எங்கே நிற்கிறது என்பது சைசிங் டையையும் பிரஸ் கைப்பிடியை இழுத்த விதத்தையும் பொறுத்தது. தோள் இரண்டு தவ் நகர்ந்தால் மொத்த நீளமும் இரண்டு தவ் நகரும். பத்து தவ் இடம் இருக்கும்போது அது குற்றமில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டுகிறவர்களுக்கு நான் இந்த வகையைத்தான் சொல்வேன். ஆண்டுக்கு இருநூறு கூடு நிரப்புகிறவனுக்கு அந்த வேகத்தால் ஆவது ஒன்றுமில்லை.

சிறிய லேத் போல மேசையில் பொருத்தும் ஃபார்ஸ்டர், கூட்டின் அடி விளிம்பைக் கோலெட் என்ற இறுக்கு வளையத்தில் பிடிக்கிறது. நல்ல கருவிதான், ஆனால் விளிம்பு ஒரே சீராக இருக்க வேண்டும். மருமகனின் கூடுகளில் நான்கின் அடியில், சுட்ட கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் அழுத்தியதால் எழுந்த மிகச் சிறிய மேடு இருந்தது. கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டைவிரல் நகத்தில் தட்டியது. அடியை ஆதாரமாகக் கொள்ளும் எந்தக் கருவியானாலும் அந்த மேட்டை முதலில் அரத்தில் தேய்த்துவிட வேண்டும். லீ நிறுவனத்தின் எளிய கருவியோ, அடியில் உள்ள நெருப்புத் துளை வழியாக நுழையும் ஒரு தண்டின் நீளத்தாலேயே அளவை நிர்ணயிக்கிறது. நீளத்தை மாற்றும் திருகு இல்லை, நகர்வதற்கு எதுவும் இல்லை. நம் ஷாப்பில், அளவு சரியா தவறா என்று மட்டும் சொல்லும் கோ-நோகோ கேஜ் மேல் எனக்கு இருந்த நம்பிக்கை அதன் மேலும் வந்தது. நீளத்தை விருப்பப்படி மாற்ற முடியாது என்பது ஒன்றே குறை.

இறுதியில் நான் சொன்னது வில்சன். வாஷிங்டன் மாநிலத்தின் காஷ்மியர் என்ற சிற்றூரில் செய்யப்படும் இந்தக் கருவியில், கூட்டின் உடல் சரிவுக்கு ஏற்பத் துளையிட்ட எஃகு உறைக்குள் கூட்டைச் செருகி, லேசாகத் தட்டி இறுக்கி, இரண்டு தண்டவாளங்களின் மேல் வைக்கிறோம். பிடிப்பது உடலை, நிறுத்துவது அடியை. விளிம்பை எதுவும் இழுப்பதில்லை, பைலட்டும் வேண்டாம். ஒவ்வொரு கூடாகத் தட்டிச் செருகித் தட்டி எடுப்பது மெதுவான வேலைதான். “இதற்குப் பொறுமை வேண்டும் மாமா” என்றான். “கருவியை விட அதுதான் உனக்கு மலிவாகக் கிடைக்கும்” என்றேன்.

கருவி வந்த அன்று முதல் பத்துக் கூடுகளை நானே வெட்டினேன். ஒன்பது 2.005, ஒன்று 2.006. வெட்டியபின் வாயின் உள்விளிம்பைச் சரிவாகச் சீவி (சேம்ஃபர் போட்டு), வெளிப்பிசிறை எடுத்தபோது, நூலிழை போன்ற பித்தளைச் சீவல் காராஜ் முழுக்கப் பரவி, காலுறையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக் கம்பளம் வரை வந்துவிட்டது. அக்காவின் மருமகள் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டியதால், கருவியின் கீழே இப்போது கேக் சுடும் ஒரு பழைய தட்டு இருக்கிறது.