அப்பாவின் ஷூ பாலிஷ்

பேத்தியின் பள்ளி ஷூவுக்கு அப்பா பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். யாரும் பார்க்காத குதிகால் பக்கத்தைத்தான் அதிக நேரம் தேய்த்தார்.

1971 பாகிஸ்தான் போரின்போது ஐஎன்எஸ் விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலில், பாய்லர் அறையில் அவருக்கு வேலை. ஒரு பாய்லரில் விரிசல். முழு வேகத்தில் போக முடியாத அந்தக் கப்பல்தான் வங்கக் கடலுக்குப் போனது. டிசம்பர் 4 அன்று அதன் சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்கு பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் தாக்கின. கீழே நீராவி குறையாமல் பார்த்துக்கொண்டவர்களில் அப்பாவும் ஒருவர்.

போரைப் பற்றிக் கேட்டால் இவ்வளவுதான் சொல்வார். அப்புறம் பேச்சு அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் அக்காவின் மாத்திரைக்கும் வந்துவிடும்.

நாங்கள் வளர்ந்த வருடங்களில் பாதிக்கு மேல் அவர் கடலில்தான் இருந்தார். அந்தக் கணக்கை நாங்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. அவர்தான் வைத்திருக்கிறார், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அடைக்கிறார் என்று தோன்றுகிறது.

போதும் அப்பா என்றால் கேட்கவா போகிறார்!