மோகனத்தில் தொடங்கிய என் முதல் பிரேக்

நார்த் கரோலைனாவில் ராலே பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குப் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசை பழக்கமானது. வாரம் ஒரு நாள் சாயங்காலம் பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள். அந்த வட்டத்தில் இரண்டு வருடம் கிதாரில் ரிதம் மட்டும் வாசித்தேன். தடித்த தந்தியில் ஒரு தட்டு, அடுத்து ஒரு ஸ்ட்ரம், அவ்வளவுதான். பாடுகிறவர் ஒரு சரணம் முடிந்ததும் யாரையாவது பார்த்துத் தலையசைப்பார். தலையசைப்பு யாருக்கோ, அவர் அடுத்த சரணத்தின் நீளத்துக்குத் தனியாக வாசிக்க வேண்டும். அதைத்தான் பிரேக் என்கிறார்கள். என் பக்கம் தலை திரும்பும்போதெல்லாம் நான் 'வேண்டாம்' என்று கண்ணாலேயே சொல்லிவிடுவேன்.

கிதாருக்குப் பிரேக் கொடுப்பதே இந்த இசையில் கொஞ்சம் பிந்தி வந்த வழக்கம். புளூகிராஸைத் தொடங்கிவைத்த பில் மன்றோவின் குழுவில் ஃபிடில், பாஞ்சோ, மாண்டலின் மூன்றும்தான் முன்னால் நிற்கும், கிதார் பின்னாலிருந்து தாங்கும். இதே மாநிலத்தின் மலைப்பகுதியில் டீப் கேப் என்ற ஊர்க்காரரான டாக் வாட்சன், ஃபிடில் மெட்டுகளை, தந்தி மீட்டும் சின்னத் தகடான பிளெக்ட்ரம் ஒன்றால் கிதாரில் வாசித்துக் காட்டியது பெரிய திருப்பம். பிறகு கிளாரன்ஸ் ஒயிட், டோனி ரைஸ். அவர்களைக் கேட்டுக் கேட்டுத்தான் நானும் வாசிக்க ஆசைப்பட்டேன்.

எல்லாரும் சொல்கிற வழியில்தான் தொடங்கினேன்: ஜி மேஜர் பெண்டடானிக். மேற்கத்தியப் பெயர்களில் ஜி, ஏ, பி, டி, ஈ என்று ஐந்து சுரம் கொண்ட ஸ்கேல். பாட்டு வகுப்புக்குப் போனவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஜி-யை ஸட்ஜமாக வைத்தால் ச ரி க ப த, மோகனம். சின்ன வயதில் கீதமும் வர்ணமும் பாடிப் பழகிய ராகம், இவ்வளவு தூரம் வந்து என் கிதாரில் உட்கார்ந்திருந்தது. அன்று ராத்திரி வெகுநேரம் தூங்கவில்லை.

கிதாரில் இது இன்னும் அழகு. எதையும் அழுத்தாமல் ஆறு தந்திகளையும் மீட்டினால் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஆறுமே இந்த ஐந்துக்குள் அடக்கம். ஒவ்வொரு தந்தியிலும் திறந்த சுரம் ஒன்று, அழுத்தும் சுரம் ஒன்று. தடித்த ஆறாம் தந்தியில் மூன்றாம் ஃப்ரெட் (கிதார் கழுத்தின் மூன்றாம் கட்டம்), ஐந்து, நான்கு, மூன்றில் இரண்டாம் ஃப்ரெட், கடைசி இரண்டில் மறுபடி மூன்றாம் ஃப்ரெட். தந்திக்கு இரண்டு சுரம் என்பதால் வலது கை கீழே ஒன்று, மேலே ஒன்று என்று தானாகவே ஓடும். வேகத்துக்குத் தட்டு கொடுக்கும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 80-இல் வைத்துத் தொடங்கி, நாலைந்து மாதத்தில் 180 வரை கொண்டுவந்தேன்.

சரி, தயார் என்று நினைத்து ஒரு நாள் தலையசைப்பை ஏற்றுக்கொண்டேன். ஐந்து சுரங்களில் மேலும் கீழும் வேகமாக ஓடினேன். தவறான சுரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் அது அந்தப் பாட்டாக இல்லை. எந்தப் பாட்டுக்கு வேண்டுமானாலும் அதையே வாசித்திருக்கலாம். அதோடு, பாட்டு சி கார்டுக்கு (சி-யை அடியாக வைத்துச் சேர்ந்து ஒலிக்கும் சுரங்களுக்கு) மாறிய இடத்தில் நான் பி-யில் நீளமாக நின்றுவிட்டேன். அரை சுர இடைவெளியில் இரண்டும் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இடைவேளையில் வயதான பாஞ்சோக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தப் பாட்டைப் பாடத் தெரியுமா உங்களுக்கு?" என்றார். தெரியும் என்றேன். "அப்போ அதை வாசியுங்கள். மிச்சம் இருக்கும் இடத்தில் மற்றதைப் போடலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து கிதாரைத் தொடாமல் பாட்டை மெதுவாகப் பாடி, ஸ்வரம் எழுதினேன். மெட்டில் முக்கால்வாசி ச ரி க ப த-வுக்குள்ளேயே இருந்தது. பாடுகிறவர் மூச்சு விடுகிற இடம், ஒரு சொல்லை நீட்டுகிற இடம், இவைதான் காலி. பெண்டடானிக் ஓட்டமெல்லாம் அங்கே போக வேண்டும். நான் மெட்டை எடுத்துவிட்டு ஓட்டத்தை மட்டும் வைத்திருந்தேன்.

அப்புறம் அந்த சி கார்டு விஷயம். இதுதான் எனக்கு அதிக நாள் எடுத்தது. நமக்குத் தம்புரா ஒரே ஸட்ஜத்தில் நிற்கும். இங்கே பாட்டின் நடுவே தரையே நகர்கிறது. சி வரும்போது சி-யின் பெண்டடானிக்குக்கு மாறலாம் என்று சொல்வார்கள். புதிதாக ஒரு ஸ்கேல் மனப்பாடம் செய்ய வேண்டுமோ என்று பயந்தேன். எழுதிப் பார்த்தால் சி, டி, ஈ, ஜி, ஏ. பி போய் சி வருகிறது, மற்ற நான்கும் அதேதான். ஜி-யை ஸட்ஜமாகவே வைத்துப் பாடினால் ச ரி ம ப த, சுத்த சாவேரி ராகம். கிதாரில் ஒரு விரல் வேலை. இரண்டாம் தந்தியைத் திறந்து விடாமல் முதல் ஃப்ரெட்டில் அழுத்த வேண்டும், ஐந்தாம் தந்தியில் இரண்டாம் ஃப்ரெட்டுக்குப் பதில் மூன்றாம் ஃப்ரெட். டி கார்டுக்கு டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ, பி. இப்போது போவது ஜி, அதாவது ஸட்ஜமே போய்விட்டு, அதற்கு அரை சுரம் கீழே இருக்கும் காகலி நிஷாதம் வருகிறது. டி கார்டில் நிற்கும்போது வீட்டுக்குத் திரும்பத் துடிக்கிற உணர்வு எங்கிருந்து வருகிறது என்று அன்றுதான் கைக்குத் தெரிந்தது.

இந்த இரண்டு மாற்றங்களை மட்டும் ஒரு மாதம் பழகினேன். வேகம் 90-ஐத் தாண்டவில்லை, தாண்டவும் விடவில்லை. கார்டு மாறும் அந்த முதல் தட்டில் சரியான சுரத்தில் விழுகிறேனா என்பது மட்டும்தான் கணக்கு.

ஐந்து சுரம் மட்டும் வாசித்தால் கொஞ்சம் தித்திப்பாகவே இருக்கும். புளூகிராஸுக்கு ஒரு கசப்பும் வேண்டும். அது பி-ஃபிளாட்டில் இருக்கிறது, நம் கணக்கில் சாதாரண காந்தாரம், மோகனத்தின் காந்தாரத்துக்கு அரை சுரம் கீழே. அதில் நிற்கக் கூடாது. ஐந்தாம் தந்தியில் முதல் ஃப்ரெட்டைத் தொட்டு உடனே இரண்டாம் ஃப்ரெட்டில் விரலைத் தட்டினால் காந்தாரம் கீழிருந்து சாய்ந்து வரும். மன்றோவின் குழுவில் கிதார் வாசித்த லெஸ்டர் ஃபிளாட்டின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஜி-ரன் இருக்கிறதே, பாதிப் பாட்டுகளில் வரி முடியும்போது கிதார் போடுகிற அந்த முத்தாய்ப்பு, அதை மெதுவாக்கிக் கேளுங்கள். ஜி, ஏ, பி-ஃபிளாட் உரசிய பி, டி, ஈ, ஜி. ச ரி க ப த ச. மோகனத்தின் ஆரோகணம், காந்தாரத்தில் ஒரு சின்னச் சாய்வோடு. இரண்டு வருடமாக ரிதத்தில் அதைத் தினமும் வாசித்துக்கொண்டிருந்தவன் நான்!

அடுத்த முறை ஏ-யில் பாடினார்கள். எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கேப்போவை இரண்டாம் ஃப்ரெட்டில் மாட்டிக்கொண்டேன், விரல்களுக்கு எல்லாம் ஜி-தான். தலை என் பக்கம் திரும்பியது. மாண்டலின்காரர் தன் சத்தத்தைக் குறைத்து எனக்கு இடம் விட்டார். முதல் இரண்டு வரி மெட்டை அப்படியே வாசித்தேன். மூன்றாம் வரியில் கார்டு மாறும் தட்டில் விரல் இரண்டாம் தந்தியின் சுரத்தில் போய் விழுந்தது. நீண்ட சொல் இருந்த இடத்தில் மட்டும் கீழே இறங்கும் ஓட்டம் ஒன்று, கடைசியில் ஜி-ரன். அது முடிந்த தட்டிலேயே பாடுகிறவர் அடுத்த சரணத்தை எடுத்தார். எதிரே அந்தப் பாஞ்சோக்காரர், வாசித்துக்கொண்டே, உதடு அசைத்து என்னோடு அந்த வரியைப் பாடிக்கொண்டிருந்தார்.