ஆயாக்கொட்டாய்ல படிச்ச பயலுக

பழைய ஸ்கூல் நினைவு மலர் கமிட்டி அண்ணே ஒருத்தரு வாட்ஸ்அப்ல வாய்ஸ் மெசேஜ் போட்டாரு, தம்பி நீயும் ரெண்டு பக்கம் எழுதிக் குடு, ஆனா ஸ்போர்ட்ஸ் டே பத்தி மட்டும் எழுதாத, அத ஏற்கனவே பாதி பேரு எழுதிட்டாங்கன்னு. எனக்கு வசதியா போச்சு, நான் ஸ்போர்ட்ஸ் டேல ஓடுனதே இல்ல, கூடாரம் கட்டுன ஆளு. அதனால பாரம் 5 முடிவுல எழுதுற எஸ்பிஎம் பரீட்சை நேரத்துல நாங்க பட்ட பாட்ட எழுதுறேன். மலேசியாவுல சுங்கை சிப்புட்ல ரப்பர் தோட்டத்துல இருந்து பஸ் ஏறி ஸ்கூலுக்கு வந்தவங்களுக்கு இதுல பாதி தெரிஞ்ச கதையாதான் இருக்கும், பொறுத்துக்குங்க.

நாங்க 1994 பேட்ச். இந்த பேட்ச்சுக்குன்னு ஒரு ராசி இருந்துச்சு, ஒண்ணு முதல்ல மாட்டுவோம், இல்ல கடைசில மாட்டுவோம். 1988ல தமிழ்ப்பள்ளில ஆறாம் வகுப்பு படிக்கும்போதுதான் ஆறாம் வகுப்பு பரீட்சையான யூபிஎஸ்ஆர் முதல் தடவையா வந்துச்சு, கேள்வி எப்படி வரும்னு எங்க வாத்தியாருக்கே சரியா தெரியாது. அப்புறம் தமிழ்ப்பள்ளில இருந்து வந்தவங்களுக்கு மலாய் சொல்லிக்குடுக்குற ரிமூவ் க்ளாஸ் ஒரு வருஷம். 1992ல பாரம் 3, அதாவது மூணாம் படிவம், வந்தா அதுதான் அந்த வகுப்பு பரீட்சையான எஸ்ஆர்பிக்கு கடைசி வருஷம், அதுக்கடுத்த வருஷம் அது பிஎம்ஆர் ஆயிருச்சு. எஸ்ஆர்பில பெயிலானா பாரம் 4 கிடையாது, நேரா ரப்பர் பால் எடுக்குற பால்காட்டுக்கோ பேக்டரிக்கோ போக வேண்டியதுதான். எங்க லயத்துல, தோட்டத்து வரிசை வீட்டுல, என்கூட ரிமூவ் க்ளாஸ்ல உட்கார்ந்த பயலுக பாதி பேரு அங்கயே நின்னுட்டானுங்க. மிச்சம் எஸ்பிஎம்முக்கு வந்தது தோட்டத்துக்கே நாலு பயலுகளும் மூணு பொம்பளப் பிள்ளைங்களும்தான்.

ஏழே பேரு, அதுதான் பிரச்சனையே. டவுன் பிள்ளைங்களுக்கு பரீட்சைன்னா அது அவங்க வீட்டு விஷயம். எங்களுக்கு மொத்த தோட்டமும் கேட்கும். காலைல பஸ்ஸுக்கு நிக்கும்போது பெரட்டு, அதான் காலைல பேர் கூப்பிடுறது, முடிஞ்சு சைக்கிள்ல போற மாமா கேட்பாரு, கூட்டுக்கடைல சாமான் வாங்கப் போனா கடைக்காரரு கேட்பாரு, வேலைய மேற்பார்வை பாக்குற தண்டல் கேட்பாரு, கோயில் பூசாரி கேட்பாரு. எல்லாரும் ஒரே கேள்விதான், "என்னப்பா, நல்லா படிக்கிறியா, கிராணி ஆயிருவியா?" கிராணின்னா தோட்டத்து ஆபீஸ் கிளார்க்கு. நல்லெண்ணத்துலதான் கேட்டாங்க, அது இப்ப புரியுது, அப்ப ஒவ்வொரு தடவையும் வயித்துல புளிய கரைக்கும். டிரையல் பரீட்சைல மேத்ஸ்ல நான் பெயிலு. அத வீட்டுல சொல்லவே இல்ல.

இதுல மழை வேற. நம்ம பக்கம் அக்டோபர் நவம்பர்னா எப்படி கொட்டும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. பட்டை நனைஞ்சா பால் வெட்டுக் கோட்டுல நிக்காது, மரத்து மேல பரவி வழிஞ்சிரும், பால் பிடிக்கிற மங்குல ஒண்ணும் சேராது, அதனால மழை நாள்ல வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா சம்பளம் இல்ல. அந்த மாசம் பாத்துதான் டியூஷன் காசு, தீபாவளி செலவு, பரீட்சைக்கு புது சட்டை, எல்லாம் ஒண்ணா வந்து நிக்கும். விடியகாலைல கூரை மேல மழை சத்தம் கேட்டா அம்மா எழுந்து உட்கார்ந்து ஒண்ணும் பேசாம கேட்டுக்கிட்டே இருக்கும். நானும் படுத்துக்கிட்டு கேட்டுக்கிட்டே இருப்பேன். புத்தகத்த திறந்தா எழுத்து உள்ள போகாது, அந்த சத்தம்தான் போகும்.

வீட்டுல படிக்க இடமும் இல்ல. லயத்து வீடு, பக்கத்து வீட்டு ரேடியோ நம்ம வீட்டுல பாடுறமாதிரி கேட்கும். அப்பதான் எங்க நாலு பேருல ஒருத்தன், சுருட்டைன்னு கூப்பிடுவோம், ஒரு ஐடியா குடுத்தான், ஆயாக்கொட்டாய்.

தெரியாத இளசுங்களுக்காக சொல்றேன், அம்மாமாரு பால்காட்டுக்கு போனா கைப்பிள்ளைங்கள விட்டுட்டு போற எடம் அது. நீளமான ஒரே ரூம், உத்தரத்துல வரிசையா சேலைல கட்டுன தொட்டில், ஏணை, தொங்கும், ஒரு பக்கம் பால் காய்ச்ச அடுப்பு. சாயந்திரத்துக்கு அப்புறம் காலியாதான் கிடக்கும். ஆயா கிட்ட போய் கேட்டோம், அது மூணு கண்டிஷன் போட்டுச்சு. செருப்ப வெளிய விடணும், பிள்ளைங்க பால் மாவு டின்ன தொடக்கூடாது, வெளக்கு மெழுகுவத்தி ஒண்ணும் கொளுத்தக்கூடாது, ஏணைத் துணில நெருப்பு பட்டா நாளைக்கு பிள்ளைங்கள எங்க போடுறது.

இந்த மூணாவது கண்டிஷன்தான் எங்க தலையெழுத்த மாத்துச்சுன்னு நான் இன்னைக்கும் சொல்வேன். ஏன்னா எங்க தோட்டத்துல அப்ப ஜெனரேட்டர் கரண்ட்தான், ராத்திரி 10 மணிக்கு டப்புன்னு நிறுத்திருவாங்க, விடியகாலை 4 மணிக்கு, வெட்டுக்கு போறவங்க சோறாக்குறதுக்குத்தான் திரும்ப விடுவாங்க. 10 மணி வரைக்கும் முட்டி முட்டி படிப்போம், பாஸ்ட் இயர் கேள்வித்தாள் ஒரே செட்டுதான் இருந்துச்சு, ஒருத்தன் சத்தமா படிப்பான், மத்தவன் பதில் சொல்லணும். லைட்டு போச்சுன்னா அவ்ளோதான், இன்னும் நாலு சாப்டர் இருக்கேன்னு கத்துனாலும் ஒண்ணும் நடக்காது. இருட்டுல ஆளுக்கு ஒரு ஏணைல ஏறிப் படுத்துக்குவோம். பதினெட்டு வயசு தடிப்பயலுக, காலு முழங்காலுக்கு கீழ வெளிய தொங்கும், சுருட்டை ஏறுன ஏணை ஒருநாள் கிழிஞ்சு அவன் கீழ விழுந்து, மறுநாள் அவங்க அம்மா சேலை ஒண்ணு புதுசா போய் தொங்குச்சு. அந்த இருட்டுல பேசுறதுதான் பேச்சு. எனக்கு டிரையல்ல மேத்ஸ் பெயிலுடான்னு நான் முதல் தடவையா வாய விட்டது அங்கதான், மொகம் தெரியாததால சொல்லிட்டேன். எனக்கு பதில் வந்தது, "எனக்கும்தான்டா, செஜாராவும் சேத்து." (செஜாரான்னா சரித்திரப் பாடம்.) அதோட நாலு பேரும் சிரிச்சு சிரிச்சு தூங்கிட்டோம்.

(பொம்பளப் பிள்ளைங்க மூணு பேரும் ராத்திரி வெளிய வர முடியாது, வீட்டு வேலையும் பாத்துக்கிட்டு அடுப்படியிலயே படிச்சாங்க. மூணு பேரும் எங்கள விட நல்ல ரிசல்ட். இத எழுதலன்னா அவங்கள்ல ஒருத்தங்க போன் போட்டு திட்டுவாங்க.)

செஜாரா பத்தி ஒரு கதை. கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள அடக்க வெள்ளக்காரன் போட்ட அவசரகாலம் எங்க ஆரம்பிச்சிச்சு? நம்ம ஊருலதானே. 1948 ஜூன் 16, சுங்கை சிப்புட் பக்கத்து தோட்டங்கள்ல மூணு வெள்ளக்கார துரைங்கள சுட்டாங்க, அதுல ஒண்ணு எல்பில் தோட்டம், அதுக்கப்புறம் அவசரகாலம் போட்டது 1960 வரைக்கும் ஓடுச்சு. இது எங்களுக்கு பாடப்புத்தகமே இல்ல, தாத்தாமாரு திண்ணைல உட்கார்ந்து சொன்ன கதை, சோத்த அளந்து குடுத்த கதை, முள்கம்பி கட்டுன கதை. இந்த கேள்வி வந்தா ரெண்டு பக்கம் அடிச்சு நிரப்பிரலாம்னு நாலு பேரும் இருந்தோம். வரல.

இப்ப சொல்ல வந்த ஆள சொல்லணும். எங்க நாலு பேருல ரொம்ப கெட்டிக்காரன் ஒருத்தன், பேர போடல, படிச்சா அவனுக்கு தெரியும். தமிழ்ல கட்டுரை எழுதுனா வாத்தியாரு க்ளாஸ்ல எழுந்து நின்னு வாசிப்பாரு. அவங்க வீட்டுல அவன் மேல ரொம்ப நம்பிக்கை, அதனாலயே பரீட்சைக்கு பத்து நாளு முன்னாடி டவுன்ல மாமா வீட்டுல கொண்டு போய் விட்டாங்க. அங்க தனி ரூமு, மேசை, டேபிள் லேம்ப், 24 மணி நேரமும் கரண்ட்டு. எங்களுக்கெல்லாம் பொறாமை. ஸ்கூல்ல பாத்தா கண்ணு ரெண்டும் உள்ள போயிருக்கும், கேட்டா "மூணு மணி வரைக்கும் படிச்சேன்", அடுத்த நாள் கேட்டா "தூங்கவே இல்லடா". அத நாங்க பெருமையா நினைச்சோம், அவன பாத்து எங்களுக்கே பயம் வந்துச்சு. சாப்பாடு நிக்கலன்னான், வாந்தி எடுத்தான், வீட்டுல பயந்துட்டான்னு கோயிலுக்கு கூட்டிட்டு போய் மந்திரிச்சு கையில கயிறு கட்டுனாங்க. டேய் என்னடா செய்யுதுன்னு உட்கார வச்சு கேட்ட ஆளு ஒருத்தரும் இல்ல. நானும் கேக்கல.

தீபாவளி முடிஞ்சு கொஞ்ச நாள்ல பரீட்சை. முதல் நாள் காலைல நாங்க பேனாவையும் 2பி பென்சிலையும் மாரியம்மன் காலடில வச்சு எடுத்துக்கிட்டு பஸ் ஏறுனோம். பஹாசா மலேசியா, அதாவது மலாய் மொழி பேப்பர், அதுல பாஸாகலன்னா மத்த பாடத்துல என்ன வாங்குனாலும் சர்டிபிகேட்டே கிடையாது. டேவான்ல, பரீட்சை ஹால்ல, மேசை மூலைல ஆங்கா கிலிரான், நம்ம பரீட்சை நம்பர், ஒட்டியிருக்கும்ல, அவனோட மேசை எனக்கு ரெண்டு வரிசை தள்ளி. காலியா இருந்துச்சு. பெங்காவாஸ், அதான் மேற்பார்வை பாக்குறவரு, வந்து நம்பர பாத்து குறிச்சுக்கிட்டு போயிட்டாரு. வெளிய வந்து தேடுனோம், சாயந்திரம்தான் தெரிஞ்சுச்சு, யூனிபார்ம் போட்டுக்கிட்டு ஸ்கூல் கேட் வரைக்கும் வந்திருக்கான், அப்படியே திரும்பி ரயில் ஸ்டேஷனுக்கு போய் பெஞ்சுல உட்கார்ந்திருக்கான், மத்தியானம் வரைக்கும்.

வீட்டுல அடிச்சாங்க. மத்த பேப்பருக்கும் அவன் வரல.

எனக்கு நடந்தது மேத்ஸ்ல. அப்ஜெக்டிவ் பேப்பர், கரும்புள்ளி அடிக்கிற தாளு. 17வது கேள்வி தெரியலன்னு விட்டுட்டு போனவன் தாள்ல அந்த இடத்த விடாம அடிச்சிட்டேன், 18க்கு உள்ள பதில் 17ல, 19க்கு உள்ளது 18ல, இப்படியே போயி 31ல நிக்கிறேன், அப்பதான் கண்ணுல பட்டுச்சு. கையி நடுங்க ஆரம்பிச்சிருச்சு, நிஜமாவே நடுக்கம், ரப்பர் வச்சு அழிச்சா தாளு கருப்பா தீட்டிக்குது, இன்னும் அழுத்துனா கிழிஞ்சிரும். காதுல ஙொய்ங்குனு சத்தம். அந்த காலி மேசை ஞாபகம் வேற. எழுந்து போயிரலாம்னு தோணுச்சு, பொய் சொல்லல.

என்ன பண்ணேன் தெரியுமா, பென்சில கீழ வச்சிட்டு வலது கால ஆட்டுனேன். ஆயா ரெண்டு கையாலயும் பால் கலக்கிக்கிட்டே கால் கட்டைவிரல்ல கயித்த மாட்டி ஏணைய ஆட்டும், மெதுவா, ஒரே தாளத்துல, அழுற பிள்ளை ஒண்ணொண்ணா அடங்கும். சனிக்கிழமைல நாங்க போய் உட்கார்ந்து படிக்கும்போது அத பாத்துக்கிட்டே இருப்பேன். அதே தாளத்துல மேசைக்கு கீழ கால ஆட்டிக்கிட்டே ஒவ்வொண்ணா அழிச்சு ஒவ்வொண்ணா அடிச்சேன். கடைசி மூணு கேள்விக்கு நேரம் இல்ல, கண்ண மூடிக்கிட்டு அடிச்சதுதான். முன்னாடி உட்கார்ந்த பொண்ணு திரும்பி முறைச்சிச்சு, மேசை ஆடியிருக்கும்போல.

மார்ச்ல ரிசல்ட், மேத்ஸ்ல சி3. ஆயாவுக்கு ஒரு டின் மைலோ வாங்கிட்டு போய் குடுத்தேன், இந்த டின்ன மட்டும் நீ தொடலாம்னு சொல்லி கலக்கி குடுத்துச்சு. மத்தது சுருக்கமா, ஈப்போ உங்கு ஓமார் பாலிடெக்னிக், ஷா ஆலாம்ல வேலை, கல்யாணம், மெல்பர்ன். எங்க தோட்டத்துல இப்ப லயமும் இல்ல, ஆயாக்கொட்டாயும் இல்ல, எல்லாம் எண்ணெய் எடுக்குற செம்பனை. நாங்க எழுதுன பரீட்சைங்களும் போயிருச்சு, எஸ்ஆர்பி அப்பவே போச்சு, யூபிஎஸ்ஆர 2021ல எடுத்துட்டாங்க, எஸ்பிஎம் ஒண்ணுதான் பாக்கி. அதுலயும் 2013ல இருந்து செஜாரா பாஸாகலன்னாலும் சர்டிபிகேட் இல்ல, நல்ல வேளை நாங்க தப்பிச்சோம்.

பரீட்சைக்கு வராத அவன் இப்ப ஜொகூர்ல டிரெய்லர் ஓட்டுறான், சொந்தமா ரெண்டு வண்டி, பிள்ளைங்க நல்லா இருக்கு. ஊருக்கு போனா பாப்பேன். அந்த நாள பத்தி பேச்சு வந்தா இன்னைக்கு வரைக்கும், "அன்னைக்கு வயித்து வலிடா" அப்படின்னுதான் சொல்வான். முப்பது வருஷமா அதே வயித்து வலி. கரண்ட்டு மேல பழி போடுறேன்னு நினைக்காதீங்க, விடிய விடிய படிச்சு பாஸானவங்களும் நம்ம பேட்ச்ல இருக்காங்க. ஆனா அந்த கடைசி பத்து நாளும் அவன் எங்ககூட அந்த இருட்டுல படுத்திருந்தா அந்த வயித்து வலிய ஒரு ராத்திரியாவது வாய விட்டு சொல்லியிருப்பானோன்னு எனக்கு தோணிக்கிட்டே இருக்கும்.

போன வருஷம் என் மக இயர் 12, இங்க மெல்பர்ன்ல விசிஇன்னு பள்ளி இறுதிப் பரீட்சை. அதுக்கு அப்புறம் ஏடார்னு யூனிவர்சிட்டில சேர ஒரு ரேங்க்கு, 100 கிடையாதாம், 99.95தான் உச்சம், அந்த 0.05 யாருக்கு போகுதுன்னு தெரியல. நவம்பர்ல ஒருநாள் ராத்திரி ரெண்டு மணிக்கு தண்ணி குடிக்க எழுந்தா அவ ரூம்ல லைட்டு, லேப்டாப்ப பாத்துக்கிட்டு கண்ணு உள்ள போய் உட்கார்ந்திருக்கா. எனக்கு திக்குன்னு ஆயிருச்சு. மறுநாள் 10 மணிக்கு ரவுட்டர் சுவிட்ச டப்புன்னு அடைச்சிட்டேன். "அப்பா! நெட் போச்சு!"ன்னு கத்துனா. ஜெனரேட்டர் நின்னுருச்சும்மான்னேன். அவளுக்கு ஒண்ணும் புரியல, போன் டேட்டால தொடர்ந்துட்டா. நான் போய் கதவுகிட்ட தரையில உட்கார்ந்துக்கிட்டு இந்த ஏணை கதைய சொன்னேன், சேலை கிழிஞ்சது வரைக்கும். கொஞ்ச நேரம் கழிச்சு லைட்ட அவளே அணைச்சா. இருட்டுல கொஞ்ச நேரம் சத்தம் இல்ல.

அப்புறம், "அப்பா, கெமிஸ்ட்ரி எனக்கு சுத்தமா வரலப்பா" அப்படின்னா.