கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.சி.க்கு: முதல் செமஸ்டரிலேயே போட வேண்டிய கணக்கு

கலிஃபோர்னியாவுக்குக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் இரண்டாண்டுக் கல்லூரியான கம்யூனிட்டி காலேஜ் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இன்னும் உண்டு. நாலு பேர் கேட்டால் என்ன சொல்வது என்ற கவலைதான். ஆனால் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், அதாவது யூ.சி., இரண்டாண்டு முடித்து மூன்றாம் ஆண்டில் சேரும் டிரான்ஸ்ஃபரில் முன்னுரிமை தருவது மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குத்தான். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்ந்துவிட்டு அங்கிருந்து யூ.சி.யின் பெர்க்லி கேம்பஸுக்கு மாற நினைப்பவர் வரிசையில் பின்னால் நிற்கிறார். செலவும் குறைவு. பாடத்தின் அளவை யூனிட்டில் கணக்கிடுவார்கள்; மாநிலவாசிக்கு யூனிட்டுக்கு 46 டாலர், 60 யூனிட்டுக்கு 2,760 டாலர்.

விண்ணப்பம் இரண்டாம் ஆண்டு நவம்பரில்தானே என்று முதல் ஆண்டைச் சும்மா ஓட்டிவிடுகிறார்கள். நவம்பரில் சரிசெய்யக்கூடியது விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை மட்டும்தான். சேரும் ஆண்டின் ஸ்பிரிங் பருவம் முடிவதற்குள் 60 செமஸ்டர் யூனிட், பருவங்கள் இன்னும் குறுகிய குவார்ட்டர் முறைக் கல்லூரியானால் 90 யூனிட், கையில் இருக்க வேண்டும். அதற்குள் ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டு, கணிதம் ஒன்று, வேறு துறைகளில் நான்கு, எல்லாவற்றிலும் சி அல்லது அதற்கு மேல். சராசரி மதிப்பெண்ணான ஜி.பி.ஏ. குறைந்தபட்சம் மாநிலவாசிக்கு 2.4, மற்றவர்க்கு 2.8. இதெல்லாம் வாசலில் நிற்பதற்கான தகுதிதான். கம்ப்யூட்டர் சயின்ஸ், இன்ஜினியரிங் போன்ற மேஜர்களில், அதாவது முதன்மைப் பாடத்துறைகளில், இடம் கிடைப்பதும் கிடைக்காததும் மேஜருக்கான அடிப்படைப் பாடங்களை முடித்திருக்கிறீர்களா என்பதைப் பொறுத்தது.

அந்தப் பட்டியல் அசிஸ்ட் என்ற மாநில இணையதளத்தில் இருக்கிறது. உங்கள் கல்லூரி, போக விரும்பும் கேம்பஸ், மேஜர், கல்வியாண்டு நான்கையும் கொடுத்தால், எந்தப் பாடம் எதற்கு ஈடு என்று காட்டும் ஒப்பந்தம் திறக்கும். இடப்பக்கம் யூ.சி. பாடம், வலப்பக்கம் அதற்கு ஈடான உங்கள் கல்லூரிப் பாடம். வலப்பக்கத்தில் இரண்டு மூன்று பாடங்கள் 'அண்ட்' என்று சேர்த்துப் போட்டிருந்தால் எல்லாவற்றையும் முடித்தால்தான் அந்த ஒரு யூ.சி. பாடம் கணக்கில் வரும். டி ஆன்சா போன்ற குவார்ட்டர் கல்லூரியில் இயற்பியல் வரிசையைத் தொடங்கி, பாதியில் செமஸ்டர் கல்லூரிக்கு மாறுவது இங்கேதான் உதைக்கிறது. இரண்டு துண்டும் பொருந்தாமல், தொடக்கப் பாடத்தையே மீண்டும் எடுக்க வேண்டி வரலாம். ஈடான பாடம் இல்லை என்று அசிஸ்ட் காட்டினால், பக்கத்துக் கல்லூரியில் அது இருக்கிறதா என்று அதே தளத்தில் தேடி அங்கே எடுக்கலாம்.

ஒரே மேஜருக்கும் கேம்பஸுக்குக் கேம்பஸ் பட்டியல் மாறும். நீங்கள் போக விரும்பும் கேம்பஸ்களின் ஒப்பந்தங்களை அருகருகே வைத்து, பொதுவானவற்றை முதலில் நிரப்புங்கள். கணிதம்தான் வேகத்தைத் தீர்மானிக்கிறது. கால்குலஸ் ஒன்று முடியாமல் இரண்டு இல்லை, இரண்டு முடியாமல் பல மாறிக் கால்குலஸ் இல்லை, இயற்பியலும் கால்குலஸைப் பிடித்துக்கொண்டுதான் நகரும். பிரீகால்குலஸில் தொடங்குபவருக்குக் குறைந்தது ஒரு செமஸ்டர் பின்தங்கும். அதைச் சம்மரில் ஈடுகட்டலாம், அல்லது மூன்றாண்டு எடுத்துக்கொள்ளலாம். மூன்றாண்டு ஒன்றும் குற்றமில்லை. இன்னொன்று: சி வாங்கிய பாடத்தைத் திரும்ப எழுதி ஏ வாங்கினாலும் யூ.சி. பழைய சி-யைத்தான் எண்ணும். டி, எஃப் வந்தவற்றுக்கு மட்டுமே மறுவாய்ப்பு.

இந்தியாவிலோ இலங்கையிலோ ஓராண்டு படித்திருந்தால் அதையும் விண்ணப்பத்தில் காட்டியே ஆக வேண்டும். மதிப்பெண்ணை அமெரிக்க முறைக்கு மாற்றாமல், சான்றிதழில் உள்ளபடியே எழுத வேண்டும். அசிஸ்டில் வெளிநாட்டுக் கல்லூரிகள் கிடையாது. அதனால் அந்தப் பாடங்களை நம்பி மேஜர் பட்டியலை நிரப்பாதீர்கள்.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆறும், நிபந்தனைகளை நிறைவேற்றினால் இடம் உறுதி என்னும் 'டேக்' ஒப்பந்தம் தருகின்றன. விண்ணப்பிப்பது செப்டம்பரில், ஒரே ஒரு கேம்பஸுக்கு. சில மேஜர்களுக்கு இது கிடையாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோவில் எதற்குமே கிடையாது.

பொது விண்ணப்பத்தைச் சமர்ப்பிப்பது அக்டோபர் 1 முதல் நவம்பர் இறுதி வரை. கேம்பஸுக்கு 80 டாலர், அயல்நாட்டு விண்ணப்பதாரருக்கு 95. நான்கு கேள்விகளுக்கு, ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள், பதில் எழுத வேண்டும். அவற்றுள் மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்பது கட்டாயக் கேள்வி. புலம்பெயர்ந்த கஷ்டத்தை அதில் கொட்டாதீர்கள். எடுத்த பாடம், செய்த புராஜெக்ட், அடுத்து என்ன என்று எழுதினால் போதும். ஜனவரியில் ஃபால் பருவ மதிப்பெண்களையும் ஸ்பிரிங் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும். நல்ல மாணவர்கள்கூட இதை மறந்துவிடுகிறார்கள். ஏப்ரல் இறுதிக்குள் முடிவு வரும், ஜூன் 1-க்குள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

விசா தனிக் கதை. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவருக்குச் செமஸ்டருக்கு 12 யூனிட் கட்டாயம். ஆன்லைன் பாடம் ஒன்றுதான் அந்தக் கணக்கில் சேரும். இடம் கிடைத்ததும் பழைய கல்லூரியின் சர்வதேச அலுவலகம் செவிஸ் என்ற அரசு மாணவர் பதிவைப் புதிய கேம்பஸுக்கு விடுவிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விசாவுக்கான சேர்க்கைப் படிவமான ஐ-20 புதிதாக வரும். பெற்றோரைச் சார்ந்து ஹெச்-4 விசாவில் இருப்பவருக்கு 21 வயதானதும் அந்த நிலை போய்விடும். பிறந்தநாள் எந்த செமஸ்டரில் விழுகிறது என்று இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

இடம் உறுதியான பிறகும் ஸ்பிரிங்கில் ஒரு பாடத்தை விட்டுவிட்டால் அனுமதி ரத்தாகலாம். விட்டே ஆக வேண்டுமானால் கேம்பஸ் அட்மிஷன் அலுவலகத்துக்கு முதலில் எழுதுங்கள். படித்த எல்லாக் கல்லூரிகளிலிருந்தும் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1-க்குள் போய்ச் சேர வேண்டும், சம்மரில் ஒரே ஒரு பாடம் எடுத்த கல்லூரியிலிருந்தும்கூட.