இசபெல் யூப்பேர் படங்கள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 2

பிரெஞ்சு நடிகை இசபெல் யூப்பேரின் படங்களை வரிசையாகப் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். முதலில் 1977-இல் வந்த 'தி லேஸ்மேக்கர்'. சலூனில் வேலை பார்க்கும் போம் என்ற பெண், படித்த இளைஞன் ஒருவனோடு வாழப் போகிறாள். அவள் அதிகம் பேசாதவள். அவனுக்கு அதுவே சலித்துப்போகிறது. கடைசியில் மனநல மருத்துவமனையில் இருக்கும் அவள் கேமராவை நேராகப் பார்க்கிறாள். அழுகை இல்லை, புகார் இல்லை. இத்தனை அமைதியான ஒரு பார்வையைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மார்ச் 5

இயக்குநர் கிளாட் ஷப்ரோலுடன் அவர் செய்தவை ஏழு படங்கள். முதலாவது, பெற்றோருக்கு விஷம் வைத்த பெண்ணைப் பற்றிய 'வயலெட் நோசியேர்'. 1978-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது. ஆனால் என்னை உலுக்கியது 1988-இன் 'ஸ்டோரி ஆஃப் விமன்'தான்.

கருக்கலைப்பு செய்ததற்காக 1943-இல் கில்லட்டினில் கொல்லப்பட்ட மரி-லூயிஸ் ஜிரோவின் வாழ்க்கையை ஒட்டிய கதை. ஜெர்மனி பிரான்சை ஆக்கிரமித்திருந்த காலம், வீட்டில் சாப்பாட்டுக்கே தட்டுப்பாடு. பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு உதவப்போய், அதுவே அவளுக்குத் தொழிலாகிறது. வேறு யாராவது நடித்திருந்தால் அவளைத் தியாகியாக்கியிருப்பார்கள். யூப்பேரின் மரிக்குப் பணம் பிடிக்கும், நல்ல உடுப்பு பிடிக்கும், பாடகியாக வேண்டும் என்ற ஆசையும் உண்டு. கணவனிடம் கனிவே கிடையாது. நல்லவளா என்று படம் கேட்கவே இல்லை. நாட்டின் ஒழுக்கத்தைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக்கொண்டு ஓர் அரசு இவளைக் கொல்லலாமா என்பதுதான் கேள்வி. அவள் புனிதையாக இருந்திருந்தால் அந்தக் கேள்வி இவ்வளவு சுட்டிருக்காது.

மார்ச் 6

'லா செரிமோனி', 1995. அடுத்தவர் கடிதங்களைப் பிரித்துப் படிக்கும் தபால் நிலையப் பெண். வாய் ஓயாத, துடுக்கான, பயமுறுத்தும் சந்தோஷம். எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரியாக சாந்த்ரின் பொனேர். இருவருக்கும் சேர்த்தே வெனிஸ் திரைப்பட விழாவில் விருது கொடுத்தார்கள். அதுதான் நியாயம்.

மார்ச் 11

மிஷேல் ஹானகேயின் 'தி பியானோ டீச்சர்' (2001). நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டுத்தான் பார்த்து முடித்தேன். வியன்னாவில் ஷூபர்ட்டின் பியானோ இசையைச் சொல்லிக்கொடுக்கும் எரிகா; இந்த வயதிலும் அவளை அதட்டிக்கொண்டே இருக்கும் அம்மா. பொறாமையில் மாணவி ஒருத்தியின் கோட்டுப் பையில் கண்ணாடித் துண்டுகளைப் போடுகிறாள். மன்னிக்கவே முடியாத காரியம். ஆனாலும் அவளை விட்டு விலக முடியவில்லை, ஏனென்றால் யூப்பேர் நம்மிடம் இரக்கம் கேட்பதே இல்லை. முகத்தை இறுக்கி வைத்திருக்கிறார். உதட்டோரம் லேசாகத் துடித்தாலும் போதும், நமக்குப் பதறுகிறது. இதற்கும் கான் விருது கிடைத்தது. கிடைக்காமல் போயிருந்தால்தான் ஆச்சரியம்.

மார்ச் 15

'திங்ஸ் டு கம்', இயக்கம் மியா ஹான்சன்-லவ், 2016. தத்துவ ஆசிரியை நத்தலி. கணவன் வேறொருத்தியிடம் போகிறான், அம்மா இறக்கிறார், பதிப்பகமும் கைவிடுகிறது. அவளோ வகுப்புக்குப் போகிறாள், பூனையைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். அப்புறம் பேருந்தில் போகும்போது அழுகை வருகிறது. சாலையில் வேறு பெண்ணோடு போகும் கணவனைப் பார்த்ததும் சிரித்துவிடுகிறாள்! அந்தச் சிரிப்பை யாரும் நடித்துக் காட்ட முடியும் என்று நான் நினைத்ததில்லை.

அதே ஆண்டு வந்த 'எல்' படத்துக்குத்தான் கோல்டன் குளோபும் ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தன. அதுவும் நல்ல படம்தான். ஆனால் யூப்பேரைப் பார்த்ததே இல்லை என்று யாராவது வந்தால், சரி, முதலில் நத்தலியைப் பாருங்கள் என்பேன். 'தி பியானோ டீச்சர்' படத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.