பெடலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் கவனத்துக்கு

போர் விமான மாடலுக்குக் காக்பிட், அதாவது விமானி உட்காரும் அறை, கட்டுகிறவர், மேசையில் உட்கார்ந்திருக்கும் அளவுக்கே தரையிலும் குப்புறப் படுத்திருப்பார். இடுக்கி நுனியில் இருந்த பித்தளைத் துணுக்கு தெறித்துவிட்டது. கிளம்பிய சத்தம் கேட்டது, விழுந்த சத்தம் கேட்கவில்லை. அந்த நேரம் பார்த்து அறைக்குள் வருகிறவர் "என்ன தொலைஞ்சுது?" என்பார். த்ராட்டில் லீவர் என்று சொன்னால் புரியாது. அரை மில்லிமீட்டர் என்று அளவைச் சொன்னால் தேட உதவ வந்தவரும் திரும்பிப் போய்விடுவார்.

தேடுவதற்கும் முறை இருக்கிறது. முதல் விதி, எழுந்திருக்கக் கூடாது. தெறித்த துண்டு பெரும்பாலும் மடியிலோ சட்டைக் கை மடிப்பிலோ இருக்கும். பதறி எழும்போதுதான் தரைக்குப் போகிறது. மடியில் இல்லையென்றால் அறை விளக்கை அணைத்து, டார்ச்சைத் தரையோடு படுக்க வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். பித்தளை மின்னும், பிளாஸ்டிக்காக இருந்தால் நிழல் நீளமாக விழும். அதிலும் கிடைக்காவிட்டால் வேக்குவம் கிளீனர் குழாயின் வாயில் ஒரு நைலான் காலுறையை இழுத்துக் கட்டி ஓட்ட வேண்டும். இப்படி ஓட்டினால் போன மாடலில் தொலைந்தது, அதற்கு முந்தைய மாடலில் தொலைந்தது எல்லாம் வரும். இன்றைக்குத் தொலைந்தது மட்டும் வராது. அது, அதற்குப் பதிலாக இன்னொன்றைச் செய்து ஒட்டி முடித்தபின் சாவகாசமாக வந்து சேரும்.

தெறிப்பதற்குக் காரணம், பெரும்பாலும் இடுக்கியை அழுத்திப் பிடிப்பது. நுனிகள் ஒன்றையொன்று கொஞ்சம் சாய்வாகத் தொட்டால் போதும், துண்டு பக்கவாட்டில் பிதுங்கிக் கிளம்பிவிடும். நுனி இரண்டும் சமமாகச் சேருகிற இடுக்கியை வாங்கி, துண்டு விழாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் பிடியுங்கள். அதைவிடச் சிறியவற்றுக்கு இடுக்கியே வேண்டாம். பல்குச்சி முனையில் துளி தேன்மெழுகு தடவித் தொட்டால் ஒட்டிக்கொண்டு வரும். மடியில் ஒரு துணியை விரித்து, அதன் மறு ஓரத்தை மேசை விளிம்பில் கிளிப் போட்டு மாட்டிக்கொண்டால் தரையில் படுக்கும் நேரம் கணிசமாகக் குறையும்.

இத்தனை சிறிதாக ஏன் செய்ய வேண்டும் என்பதற்குக் கணக்கு பதில் சொல்லும். 1/48 அளவில் உண்மையான விமானத்தின் 48 மி.மீ. நம்மிடம் 1 மி.மீ. ஆகிறது. ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள சுவிட்ச் 0.2 மி.மீ. சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள வழக்கமான கருவியின் கடிகார முகம் 1.7 மி.மீ.கூட வராது, 1/72ல் அது 1.1 மி.மீ. இதே கணக்கைத் திருப்பிப் போட்டால் இன்னும் சுவாரசியம். கிட்டில், அதாவது கடையில் வாங்கும் மாடல் பெட்டியில், வரும் விமான உடலின் பிளாஸ்டிக் சுவர் 1.2 மி.மீ. தடிமன் என்றால் அது அசல் அளவில் 58 மி.மீ. போர் விமானத்தின் தகடு அவ்வளவு தடிமனாக இருந்தால் அது ஓடுபாதையைவிட்டே எழும்பாது. காக்பிட் விளிம்பு பொம்மை மாதிரித் தெரிவதும், தனியாக வாங்கும் ரெசின் (பிசின் வார்ப்பு) காக்பிட் உள்ளே நுழைய மறுப்பதும் இந்தத் தடிமனால்தான்.

ஆகவே முதல் வேலை பெயின்ட் அல்ல, எதையும் ஒட்டாமல் பொருத்திப் பார்ப்பது. உடலின் இரு பாதிகளையும் டேப் போட்டுச் சேர்த்து, காக்பிட்டின் தரையும் பக்கச் சுவர்களும் சேர்ந்த தொட்டியை உள்ளே வைத்து, சீட்டை வைத்து, கேனப்பி என்ற கண்ணாடிக் கூண்டையும் மூடிப் பாருங்கள். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். ரெசின் தொட்டியின் தரை கொஞ்சம் தடிமன், சீட்டின் அடிப்பாகம் கொஞ்சம் உயரம், இடையில் பசை, பெயின்ட். எல்லாம் சேர்ந்து அரை மில்லிமீட்டர் ஏறிவிட்டால் தலைச்சாய்மானம் கண்ணாடியில் இடிக்கும். மாதக்கணக்கில் வேலை செய்து முடித்த காக்பிட்டைத் திறந்த நிலையில் மட்டுமே காட்சிக்கு வைத்திருக்கிறார்களே, அது கலை ரசனையால் மட்டும் என்று நினைத்துவிட வேண்டாம்.

ரெசின் தொட்டி நுழையவில்லை என்றால் தேய்க்க வேண்டியது முதலில் உடலின் உள்சுவரை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பிளாஸ்டிக் லேசாக ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிந்தால் போதும். அதற்குமேல் போனால் வெளிப்பக்கம் விரல் வந்துவிடும். பிறகு தொட்டியின் அடிப்பாகத்தைக் கவனியுங்கள். அங்கே மூக்குச் சக்கரக் குழியின் கூரை காத்திருக்கும். இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டி போடும்போது எந்தப் பக்கத்தைத் தேய்த்தால் ஓட்டை விழாது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். ரெசினை ஈரத்தோடு, முகக்கவசம் போட்டுத்தான் தேய்க்க வேண்டும். அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. வார்ப்பிலிருந்து பிரிய உதவும் எண்ணெய்ப் பசை மேலே இருக்கும் என்பதால் சோப்புத் தண்ணீரில் கழுவாமல் பிரைமர் அடித்தால், மறுநாள் மாஸ்கிங் டேப்பை உரிக்கும்போது டேப்போடு பிரைமரும் மொத்தமாக வந்துவிடும்.

உடலை மூடுவதற்கு முன் மூக்கில் எடை. சில விமானங்களுக்கு இது தேவையே இல்லை, சிலவற்றுக்குக் கைப்பிடி ஈயம் வேண்டும். முழு மாடலையும் டேப்பில் சேர்த்து, பின் சக்கரங்கள் வரும் இடத்தில் இரண்டு விரல்களால் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் எடை போதாது. மறந்தவரின் மாடல் மூக்கைத் தூக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடியே காலத்துக்கும் நிற்கும். தத்ரூபமான காக்பிட், அதற்குள்ளே எல்லாம் மல்லாந்து கிடக்கும்.

இப்போது தலைப்புக்கு வருவோம். வால் சுக்கானை விமானி காலால் இயக்கும் ரட்டர் பெடலுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பெடலில் எட்ச் தகடு (அரித்து வெட்டிய மெல்லிய பித்தளை) ஒட்டி, தேய்மானம் காட்ட வெள்ளி நிறம் தொட்டு, இடுக்குகளில் இறங்கும் நீர்த்த பெயின்ட்டான வாஷ் கொடுத்து, நிழல் வைப்பார்கள். அமெரிக்கப் போர் விமானமான எஃப்-16ல் பெடல் இரண்டும் நடுப் பலகைத் தண்டின் இருபுறமும் ஆழத்தில், கருவிப் பலகைக்கு அடியில் இருக்கின்றன. சீட்டை வைத்ததுமே முக்கால்வாசி போய்விடும், கேனப்பியை மூடினால் முழுக்கப் போய்விடும். பார்க்க வேண்டுமானால் பல் டாக்டரின் கண்ணாடி வேண்டும். கண்ணுக்குப் படும் வரிசை இது: சீட்டின் தலைப்பாகம், தோள் பெல்ட்டுகள், கருவிப் பலகையின் மேல்மூடி, ஹட் கண்ணாடி (விமானியின் கண்ணெதிரே தகவல் காட்டுவது), காக்பிட் விளிம்பு, பக்கப் பலகைகளின் மேல்பரப்பு. பெடல், தரை, சீட்டுக்குப் பின்சுவர் எல்லாம் கடைசி. நூறு மணி நேரம் இருந்தால் அறுபதை சீட்டுக்குக் கொடுங்கள். பெடலுக்கு ஒரு கோட் அடர் சாம்பல் போதும், அது கோபித்துக்கொள்ளாது.

பெயின்ட். எஃப்-16 தொட்டியின் நிறம் அடர் சாம்பல், அமெரிக்க நிற எண் எஃப்.எஸ். 36231. எண்ணின் முதல் இலக்கம் 3 என்றால் பளபளப்பில்லாதது, இரண்டாவது 6 என்றால் சாம்பல் குடும்பம். சோவியத் விமானம் கட்டுகிறவருக்கு இந்த நிம்மதி இல்லை. மிக்-21, மிக்-29 காக்பிட்டுகளின் நீலப்பச்சையில் நீலம் எவ்வளவு, பச்சை எவ்வளவு என்று கேட்டு ஒரு சபையில் உட்கார்ந்தால் சாப்பிடாமல் எழுந்து வர வேண்டியிருக்கும். வெயிலில் மங்கும், தொழிற்சாலைக்குத் தொழிற்சாலை மாறும், புகைப்படமும் பொய் சொல்லும். ஒரு நல்ல படத்தைத் தேர்ந்துகொண்டு அதற்குக் கலந்துவிடுங்கள். மிக்-21ல் நிறத்தைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கருவிப் பலகையின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. விமானம் சுழலில் சிக்கினால் கையால் விமானத்தை இயக்கும் ஸ்டிக்கை நடுநிலைக்குக் கொண்டுவர விமானிக்கு அது அடையாளம். அந்தக் கோட்டை மறந்தால் விவரம் தெரிந்தவர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

கருவிப் பலகையில் சுத்தக் கறுப்பு அடிக்காதீர்கள். இந்த அளவில் அது ஓட்டை மாதிரித் தெரியும். கொஞ்சம் சாம்பல் கலந்த கறுப்புதான் கறுப்பாகத் தெரியும். அதன்மேல் வெளிர் சாம்பலில் டிரைபிரஷ். தூரிகையைத் தாளில் துடைத்து, இனி ஒன்றுமே இல்லை என்று தோன்றியபின் இன்னொரு முறை துடைத்துவிட்டுத் தடவ வேண்டும். துடைக்காமல் தடவினால் பலகை முழுக்க விபூதி பூசியதுபோல் ஆகிவிடும். பொத்தான்களுக்கு ஆளுக்கொரு 10/0 எண் கொண்ட மிகச் சிறிய தூரிகை வாங்குவார்கள். அது பலகையை எட்டுவதற்குள் நுனியில் பெயின்ட் காய்ந்துவிடும். கூர்மையான நுனியுள்ள 0 அல்லது 1 எண் தூரிகை அதிக ஈரம் தாங்கும், அதுவே நல்லது. வெறும் புள்ளிக்குச் சீவிய பல்குச்சி போதும். சிவப்பையும் மஞ்சளையும் அசல் படத்தில் இருக்கும் இடத்தில் மட்டும் வையுங்கள். கை ருசி கண்டு கண்ட இடத்திலெல்லாம் வைப்பவர்கள்தான் அதிகம்.

கடிகார முகங்களில் துளித்துளியாகப் பளபள வார்னிஷ் விட்டால் கண்ணாடி ஆகிவிடும். திரைகளிலும் அப்படியே. ஆனால் திரை எரிவதுபோல் பச்சையாகப் படம் வரைவதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். வெளியே இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்குகளுக்குச் சிவப்பு மூடி போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிற்கும் விமானத்தில் திரை மட்டும் எரிந்தால் யாரோ பேட்டரியை அணைக்க மறந்துபோனார்கள் என்றுதான் அர்த்தம்.

எனாமல் வாஷ் கொடுப்பதற்கு முன் அக்ரிலிக் பெயின்ட்டின்மேல் வார்னிஷ் ஒரு கோட் கட்டாயம். வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் அழுத்தத்தில் வளைந்து ஒட்டியிருக்கும் இடத்தில் வாஷின் கரைப்பான் இறங்கினால் சில சமயம் பிளாஸ்டிக் விரிசல் விடும்.

சீட்டுக்கு வருவோம், அறுபது மணி நேரம் இங்கேதான். எஃப்-16ல் ஏசஸ் 2 என்ற, ஆபத்தில் விமானியை வெளியே தூக்கி எறியும் சீட். அது 30 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும். நிமிர்த்தி ஒட்டினால் விமானி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலைப்பாகத்தின் இரு பக்கமும் உள்ள, காற்று வேகம் அளக்கும் பிட்டோ குழாய்களை விடாதீர்கள், கண் முதலில் அங்கேதான் போகும். வெளியேற்றக் கைப்பிடி எஃப்-16ல் இரண்டு கால்களுக்கு நடுவே, எஃப்-15ல் அதே ஏசஸ் 2 சீட்டில் இரு பக்கமும். ஒன்றுக்கு வாங்கியதை மற்றதில் வைத்துவிட்டு அடுத்தவர் கண்டுபிடிக்க மாட்டார் என்று நம்புவது வீண். நிற்கும் விமானம் என்றால், சீட் தவறி வெடித்துக் கிளம்பாமல் தடுக்கும் பாதுகாப்பு ஊசியின் சிவப்பு நாடாவையும் தொங்கவிடலாம். உள்ளே விமானி பொம்மை உட்கார்ந்து பறக்கும் நிலை என்றால் அந்த நாடாவை எடுத்துவிடுங்கள், அவருக்கும் வீடு வாசல் இருக்கிறது.

பெல்ட்டில்தான் மாடல் உயிர் பெறுவதும் சாவதும். அசல் பட்டை சுமார் 45 மி.மீ. அகலம், ஆக 1/48ல் 0.9 மி.மீ. எட்ச் பித்தளைப் பெல்ட்டை வாங்கியபடியே ஒட்டினால் தகடு தகடாகவே நிற்கும், காற்றில் விறைத்துக்கொண்டு. தீயில் லேசாகச் சிவக்கும் வரை காட்டி ஆறவிட்டால் பித்தளை இளகும்; பிறகு சீட்டின் மடிப்புகளுக்கு ஏற்ப வளைக்கலாம். ஏற்கெனவே வண்ணம் அச்சிட்டு வரும் எட்ச்சைத் தீயில் காட்டாதீர்கள், வண்ணம் கருகிப் போகும். காசு செலவழிக்க மனமில்லாதவருக்கு மாஸ்கிங் டேப்பை 0.9 மி.மீ. பட்டையாக வெட்டுவது நல்ல வழி, பித்தளையைவிட அது துணி மாதிரியே படியும். எதில் செய்தாலும் பெல்ட் எங்கே தொங்க வேண்டும், எங்கே மடிய வேண்டும் என்பதை ஈர்ப்பு விசை முடிவு செய்யட்டும். இருபுறமும் அச்சு மாறாமல் விழும் பெல்ட் பொம்மைக் கடையில் மட்டும்தான் உண்டு.

ஸ்டிக்கைப் பற்றி ஒரு வார்த்தை. எஃப்-16ன் ஸ்டிக் நடுவில் இல்லை, வலது பக்கப் பலகையில். அசலிலேயே அது அசைவது மிகக் குறைவு, கையின் அழுத்தத்தை அளந்துதான் வேலை செய்கிறது. ஆகவே உங்கள் மாடலில் ஸ்டிக்கைத் தவறுதலாக இறுக ஒட்டிவிட்டாலும் அது தொழில்நுட்பத் துல்லியம்தான்.

கடைசியாகக் கண்ணாடி. எஃப்-16 கேனப்பியின் குறுக்குவெட்டு அடியில் குறுகி நடுவில் அகலமாக இருப்பதால் அச்சை இரண்டாகப் பிரித்து வார்க்க வேண்டியிருக்கும். அதனால் நடுவில் நீளமாக ஒரு தையல் கோடு விழும். அதை 2000 உப்புத்தாளில் தொடங்கி 4000, 6000, 8000, 12000 என்று ஈரத்தில் தேய்த்து, பாலிஷ் போட்டால் போய்விடும். முதல் தாளில் தேய்த்ததும் கண்ணாடி பால்நிறமாகும். அங்கே மனம் தளர்ந்து நிறுத்தினவர்கள் பலர். விடாமல் மேலே போனால் தெளியும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றினால் முந்தைய கீறல் போயிற்றா என்று தெரியும். அழுத்தக் கூடாது, தெளிவான பிளாஸ்டிக் கிட்டின் மற்ற பிளாஸ்டிக்கைவிட நொறுங்கும்.

கேனப்பிக்குப் பக்கத்தில் சூப்பர் க்ளூ வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் ஆவி கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளையாகப் படியும், உள்ளே வேலை முடித்து மூடியபிறகு அதைத் துடைக்க எந்த விரலும் போகாது. கேனப்பிக்கும் ஹட் கண்ணாடிக்கும் பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை போதும். ஹட்டின் கண்ணாடிக்கு மெல்லிய தெளிந்த ஷீட்டை வெட்டி, ஓரங்களில் மட்டும் லேசாகப் பச்சை தொட்டால் தடித்த கண்ணாடியின் விளிம்பு மாதிரி இருக்கும்.

மூடுவதற்கு முன் ஊதிச் சுத்தம் செய்யுங்கள். எவ்வளவு ஊதினாலும் உள்ளே ஒரு பஞ்சிழை இருக்கும், அது பசை காய்ந்த பிறகுதான் கண்ணுக்குப் படும். ஒரு சென்டிமீட்டர் இழை விமானியின் கணக்கில் அரை மீட்டர் கயிறு, அதுவும் சரியாக ஹட்டுக்கு மேலே. அதனால்தான் கேனப்பியைச் சுற்றிலும் பூசாமல் நாலு புள்ளியில் மட்டும் பி.வி.ஏ. வைப்பது. ஈரமான குச்சியால் அந்த நாலு புள்ளியையும் நனைத்துக் காத்திருந்தால் கழன்று வரும், இழையை எடுத்துவிட்டு மீண்டும் ஒட்டலாம்.